கொல்லிமலைக்கு ஒரு ஓடை

கொல்லிமலையில் சாமையும் தினையும் குறைந்து மரவள்ளி பரவிய கதையைத் தொடர்ந்து படிக்க ஆசைப்பட்டு, ஒரு வீடியோ தளத்தில் தேடிவிட்டேன். ஒரு வாரமாக யாராவது ஆகாய கங்கையில் குளித்துக்கொண்டே இருக்கிறார்கள்!

ஃபீட் ரீடர் இப்படிப் படுத்தாது. ஆர்.எஸ்.எஸ். (இயக்கமல்ல, 1999-ல் நெட்ஸ்கேப் தந்த கோப்பு வடிவம்) ரொம்ப எளிய ஏற்பாடு. தளம் புதிய பதிவுகளைப் பட்டியலிடும். ரீடர் அவ்வப்போது எட்டிப் பார்த்துக் கொண்டுவரும். நமக்கு எது பிடிக்கும் என்று ஊகிக்காது.

குறைகள்? தலைப்புகள் நூறு நூறாகக் குவியும். ஓடை வைக்காத தளம் அதன் கண்ணில் படாது. கூகுள் ரீடரை 2013-ல் மூடியும் விட்டார்கள். ஃபீட்லி போன்றவை இருக்கின்றன. எப்போதாவது மட்டும் செய்தி வரும் 70 கொண்டை ஊசி வளைவு ஊருக்கு, கூட்டத்தைப் பார்க்காத இந்தத் தபால்காரர்தான் லாயக்கு.