தாத்தா பெயரில் வரும் பரிசு

டிசம்பர் பிறந்ததும் பாளையங்கோட்டையில் இரண்டு வகைப் பேச்சுகள் ஒன்றாகத் தொடங்கிவிடும். ஒன்று கடைகளின் பேச்சு. பிள்ளைகளுக்கு எடுங்கள், இன்னும் எடுங்கள், இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம். மற்றது பிரசங்க மேடையிலிருந்தும் பத்திரிகைக் கட்டுரைகளிலிருந்தும் வருவது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருக்கு இத்தனை ஆடம்பரமா, பிள்ளைகளைக் கெடுக்காதீர்கள், வரவுக்குள் செலவு செய்யுங்கள். கேட்டால் இரண்டும் எதிரெதிர்ப் பேச்சுகள் போலத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் விரலை நீட்டுவது ஒரே ஆளை நோக்கித்தான். எடுக்கவில்லை என்றால் அவள் பிள்ளைப்பாசம் இல்லாத அம்மா, எடுத்துவிட்டால் ஊதாரி அம்மா. அப்பாக்கள் இந்த விவாதத்தில் பெரும்பாலும் வருவதில்லை. அவர்கள் 'நான் எவ்வளவோ சொன்னேன், இவ கேக்க மாட்டேங்கா' என்ற இடத்தில் வசதியாக நின்றுகொள்கிறார்கள்.

பிள்ளைகளின் கிறிஸ்துமஸுக்குப் பெற்றோர் எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு இங்கே நான் எழுத வரவில்லை. அந்தக் கேள்வியில் 'பெற்றோர்' என்ற சொல் எதை மறைக்கிறது என்பதே என் அக்கறை.

முதலில் ஒன்று. வண்ணத்தாள் சுற்றிய பெட்டி, மரத்தடியில் வைத்து அதிகாலையில் பிரிப்பது என்பதெல்லாம் தாமிரபரணிக் கரையில் மிகச் சமீபத்தில் வந்த பழக்கம், அதுவும் சில வீடுகளில் மட்டும். இங்கே பரிசு என்றால் துணி. 'துணி எடுத்தாச்சா?' என்பதுதான் டிசம்பரின் நலவிசாரிப்பு. டவுண் ரத வீதிகளிலும் வண்ணார்பேட்டையிலும் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி பெண்கள் ஏறி இறங்கும் அந்த நாட்களை வெறும் நுகர்வு வெறி என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. துணிக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. நமக்குத் தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். சந்தையில் அவர்களுடைய மேலாடை கிழிக்கப்பட்டது. 1859இல்தான் அரசு அறிவிப்பு வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் அணிகிற முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. வள்ளியூரிலும் இடையன்குடியிலும் இருந்த குடும்பங்களுக்கு அது யாரோ பக்கத்து நாட்டார் கதையல்ல, கொண்டும் கொடுத்தும் இருந்த சொந்தங்களின் கதை. அந்தப் பெண்களின் கொள்ளுப்பேத்தி தன் மகளுக்குச் சட்டை எடுக்கும்போது கையை இரண்டாயிரம் ரூபாய்க்குக் கீழே இறக்க மறுத்தால், அதில் கடையின் விளம்பரம் மட்டும் வேலை செய்யவில்லை. எளிமையைப் போதிக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துவிட்டுப் பேசலாம். எளிமை எல்லாச் சாதிக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்பள்ளியில் தொடங்கிய லேஸ் பின்னல், அவர் மகள் எலிசா வழியாக இடையன்குடிக்கு வந்தது. எலிசாவின் கணவர்தான் 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல். (தமிழ்த்துறைகளில் நாங்கள் கணவரைத் தாள் தாளாகப் படிக்கிறோம். மனைவியின் பெயரைத் தேர்வில் கேட்டால் பலர் விடுவார்கள்.) பெண்பிள்ளைகள் விரல் நோகப் பின்னிய லேஸ் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் உடைக்குப் போனது. அந்த வருமானத்தில் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் நாகர்கோவிலில் இருந்தார்கள். பெண்ணுக்கு அழகான துணி, அதன் பின்னால் இன்னொரு பெண்ணின் விரல்கள். கிறிஸ்துமஸ் துணியின் கணக்கை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்க விரும்புகிறேன்.

முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு அக்கா தன் கணக்கு நோட்டை எனக்குக் காட்டினார். பெயர் வேண்டாம் என்றார். மடியில் சொளவு, இலை, தூள், கத்தரி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. வாரம் 200 ரூபாய் வீதம் 50 வாரம் கிறிஸ்துமஸ் சீட்டுக் கட்டியிருக்கிறார், மொத்தம் 10,000. அது போன இடம் இது. மகளுக்குச் சுடிதார் 2,400. மகனுக்குப் பேண்ட் சட்டை 1,900, ஷூ 1,100, ரிமோட் கார் 700. கணவருக்குச் சட்டை 900. மாமியாருக்குச் சேலை 800. கறி 1,000. கேக், முறுக்குச் சாமான் 700. நட்சத்திர லைட் 250. காணிக்கை 250. கூட்டிப் பார்த்தேன், பத்தாயிரம் சரியாக வந்தது. ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை. பட்டியலில் அவர் பெயரில் ஒரு வரியும் இல்லை.

'உங்களுக்கு எடுக்கலையாக்கா?' என்றேன்.

'எனக்கு எதுக்கு டீச்சர். போன வருசச் சேலை பெட்டிக்குள்ள அப்படியே கெடக்கு.'

இந்தப் பதிலைத் தியாகம் என்று சொல்லிப் பூரித்துப்போகும் கவிதைகளை நானும் ஒரு காலத்தில் நிறைய வாசித்திருக்கிறேன். அன்னையர் தினத்துக்கு அவை உதவும். ஆனால் நோட்டைத் திரும்பப் பாருங்கள். அந்த அக்கா ஒரு வருடம் முழுக்க வாராவாரம் ஒரு நிறுவனத்தை நடத்தியிருக்கிறார். வரவை மதிப்பிட்டு, செலவைப் பங்கிட்டு, மாமியாரின் மனக்குறை உட்பட எல்லா ஆபத்துகளையும் கணக்கில் எடுத்துக் கடைசி ரூபாய் வரை சமன் செய்திருக்கிறார். இத்தனையும் முடிந்து 24ஆம் தேதி இரவு பவனி வரும்போது பஞ்சுத்தாடி வைத்த ஒருவர் ஆடிக்கொண்டே வந்து ரிமோட் காரைப் பையனிடம் நீட்டுகிறார். காரை வாங்கித் தாத்தாவின் மூட்டைக்குள் முன்கூட்டியே போட்டவர் அம்மா. பையன் நன்றி சொன்னது தாத்தாவுக்கு. குடும்பத்துக்குள் பெண்ணின் உழைப்பு எப்படிக் காணாமல் போகிறது என்பதை விளக்க இதைவிட நல்ல நாடகம் எனக்குத் தெரியாது.

நோட்டில் இல்லாத ஒரு செலவும் இருந்தது. மகளுக்கு ஒரு கிராமில் தோடு. அது சீட்டுப் பணத்தில் இல்லை, குழுக்கடன். 2025 அக்டோபரில் பவுன் விலை 90,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஆகவே அந்த ஒரு கிராம், வீட்டின் மொத்தக் கிறிஸ்துமஸ் செலவையும் விடப் பெரியது. மகள் ஒன்பதாம் வகுப்பு, நானூறு மீட்டர் ஓடுகிறவள். அவள் கேட்டது ஓடுவதற்கான ஸ்பைக் ஷூ. தம்பிக்கு ஷூ வந்தது, அவளுக்குத் தோடு வந்தது. அம்மா மகளை விடக் குறைவாக நேசித்து இப்படிச் செய்யவில்லை, அதிகமாகச் செலவழித்தே இப்படிச் செய்தார். எவ்வளவு என்ற எண்ணை மட்டும் பார்த்தால் பெண்பிள்ளைக்குத்தான் அள்ளிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தோடு அவளுடையதா? பீரோவுக்குள் ஏறிவிட்டது. ஆறேழு வருடம் கழித்து 'இத்தனை பவுன்' என்று எண்ணப்படும் கூட்டத்தில் அதுவும் ஒரு கிராம். 1961இலேயே வரதட்சணை தடைச் சட்டம் வந்துவிட்டது. அதனால் நாம் அதைக் கிறிஸ்துமஸ் பரிசு, பிறந்தநாள் பரிசு, புதுநன்மைப் பரிசு என்று தவணைகளில் கொடுக்கப் பழகிவிட்டோம்.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் அதை லேசாகப் பேச முடியாது. 2017 அக்டோபர் 23 அன்று கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித்தொழிலாளியும் அவர் மனைவியும் இரண்டு சின்னப் பெண்குழந்தைகளும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்து இறந்தார்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலிருந்தே இருந்தது. 2025இல் கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. பெண்கள் டிசம்பரில் வாங்குவது பெரும்பாலும் சிறிய தொகைதான். ஆனால் தவணைக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது கூப்பிடுவது அவர்கள் பெயரைச் சொல்லித்தான். பரிசு தாத்தா பெயரில் வரும், கடன் அம்மா பெயரில் வரும். மகளிர் உரிமைத் தொகையாக மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கிய 2023இலும் இதே உபதேசக் குரல் கேட்டது: பெண்கள் கையில் காசு கொடுத்தால் துணிக்கடையில் கொட்டுவார்கள் என்று. அந்த வருடம் டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு ஊருக்குள் வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எடுத்து வைத்த புதுத்துணிகளைச் சேற்றிலிருந்து பொறுக்கி அலசிக் கொடியில் போட்ட பெண்களிடம் அப்போது யாரும் ஆடம்பரம் பற்றிப் பேசவில்லை.

தாத்தாவைப் பற்றி இன்னும் கொஞ்சம். சாண்டா கிளாஸுக்கு மூலவராகச் சொல்லப்படுபவர் நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள மைராவில் பிஷப்பாக இருந்த நிக்கோலஸ். அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. செல்வம் இழந்த ஒருவருக்கு மூன்று மகள்கள். கல்யாணத்துக்குக் கொடுக்கப் பொன் இல்லை. அவர்கள் விலைக்குப் போக வேண்டிய நிலை. நிக்கோலஸ் இரவில் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு பொற்கிழியை வீட்டுக்குள் எறிகிறார். கிறிஸ்துமஸ் தாத்தாவின் முதல் பரிசு வரதட்சணை! பிரசங்கங்களில் இந்தக் கதை இரக்கத்துக்கு உதாரணமாக வரும். நான் அதை ஒரு பிரதியாக வாசிக்கிறேன். மூன்று பெண்களுக்கும் பெயர் இல்லை, பேச்சும் இல்லை. பொன்னைக் கொடுப்பவர் ஓர் ஆண், கண்டெடுப்பவர் இன்னோர் ஆண், அது போய்ச் சேரும் இடம் மூன்றாவது ஆணின் வீடு. மகள்களுக்கு விலை இருந்த சந்தையை நிக்கோலஸ் கேள்வி கேட்கவில்லை. அந்தச் சந்தையிலேயே நல்ல விலைக்கு அவர்களை ஏற்றிவிடுகிறார். முக்கூடல் அக்காவும் அதைத்தான் செய்தார், ஆனால் பொற்கிழி அவருடைய விரலிலிருந்து வந்தது. இந்தக் கதையின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அக்காவின் மேல் இல்லை.

பண்டிகைக் காசு பற்றி வேறொரு கதையை இந்த வருடம் முதுகலை வகுப்பில் எடுத்துக்கொண்டோம். பிரேம்சந்தின் 'ஈத்கா'. தாய் தகப்பன் இல்லாத சிறுவன் ஹமீது மூன்று பைசாவோடு ஈத் சந்தைக்குப் போகிறான். மற்றப் பையன்கள் பொம்மையும் மிட்டாயும் வாங்க, அவன் ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுடுகிறதே என்று இடுக்கி வாங்கி வருகிறான். காலங்காலமாக இது ஹமீதின் தியாகக் கதையாகவே கற்பிக்கப்படுகிறது. நான் கதையின் முன்பகுதியில் நின்றுகொண்டேன். பாட்டி அமீனா துணி தைத்து எட்டணா சம்பாதிக்கிறாள். அதை ஈதுக்கென்று காத்து வைக்கிறாள். பால்காரிக்குக் கொடுத்தது போக மிஞ்சியது இரண்டணா, எட்டுப் பைசா. அதில் மூன்று பேரன் பையில், ஐந்து தன் பணப்பையில். அந்த ஐந்து பைசாவில் பண்டிகை முழுவதும் நடக்க வேண்டும். வண்ணாத்தி வருவாள், நாவிதப் பெண் வருவாள், துப்புரவுப் பெண் வருவாள், வளையல்காரி வருவாள், எல்லாருக்கும் சேமியா வேண்டும். பிரேம்சந்த் இதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் பையன்களோடு சந்தைக்குப் போய்விடுகிறார். மூன்று பைசாவின் வீரம் பல பக்கங்களுக்கு விரிகிறது, ஐந்து பைசாவின் நிர்வாகம் அந்த ஒரு பத்தியோடு நின்றுவிடுகிறது. நல்ல கதைதான், இப்போது வாசித்தாலும் தொண்டை அடைக்கிறது. பாட்டிக்குக் கிடைத்த ஒரே பரிசு சமையல் கருவி என்று கேலி செய்யவும் எனக்கு மனம் வரவில்லை. சூட்டுக் காயம் பட்ட விரலுக்குத்தான் இடுக்கியின் அருமை தெரியும்.

ஆனால் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி நான் யோசிக்காத ஒன்றைக் கேட்டாள். 'ஹமீது பொம்பளப்பிள்ளையா இருந்தா சந்தைக்கே விட்டிருக்க மாட்டாங்கள்லா மிஸ்? அவ வீட்ல இருந்து ரொட்டில்லா சுட்டுக்கிட்டு இருந்திருப்பா.' திரும்ப வாசித்துப் பார்த்தோம். அந்தப் பையன்களின் கூட்டத்தில் ஒரு சிறுமிகூட இல்லை. கடைசியில் இடுக்கியைப் பார்த்து அமீனா அழும்போது, அந்தக் கிழவி சிறுமியாக மாறிவிட்டாள் என்று வருகிறது. சந்தைக்குப் போகாத ஒரு சிறுமி அங்கே கதைக்குள் வந்துவிடுகிறாள்.

ஜனவரியில் முக்கூடல் அக்கா அடுத்த சீட்டுக்குச் சேர்ந்தார். வாரம் 200, கூடவே மகள் பெயரில் தனியாக 50. வருடக் கடைசியில் அதை வைத்து ஷூ எடுத்துக்கொள்ளலாமா என்று சீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். ஐம்பது ரூபாய்ச் சீட்டுக்குத் தங்கக் காசோ பாத்திரமோதான் உண்டு, ஷூ லிஸ்டில் இல்லை என்றாராம் அவர்.