விடுதலும் விட்டுக்கொடுத்தலும்: எல்லைப்புறச் சான்றுகள்

உரிமை நீங்குதலைக் குறிக்கும் ஆங்கில வினைகளான ரிலிங்க்விஷ், சரண்டர், அபாண்டன், ரினவுன்ஸ், சீட் ஆகியன ஒருபொருட் பன்மொழிபோலத் தோன்றும். ஆயின் சட்டமொழி இவற்றை வேறுபடுத்தியே ஆள்கிறது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பில், வழக்குத் தொடுக்குங்கால் கோரிக்கையின் ஒரு பகுதியை நீக்கிக்கொள்ளல் ‘ரிலிங்க்விஷ்’. தொடுத்தபின் விட்டுவிடுதல் ‘அபாண்டன்’. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தில், குத்தகையுரிமையைக் குத்தகைக்கு விட்டவரிடமே திருப்பித் தருதல் ‘சரண்டர்’. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில், அறிவிப்பின்வழிக் குடியுரிமை நீங்குதல் ‘ரினவுன்ஸ்’.

இவையனைத்தையும் ‘விட்டுக்கொடுத்தல்’ என்று பெயர்ப்பது பொருந்தாது. இச்சொல்லில் ‘கொடு’ என்னும் துணைவினை பெறுவோர் ஒருவரையும், விடுவோரின் இசைவையும் உடன்கொணர்கிறது. ‘கைவிடு’ என்பதில் பெறுவோர் இல்லை. காக்கவேண்டியவர் காவாமை என்னும் பழிக்குறிப்பும் பலவிடங்களில் உண்டு. ‘துற’ என்பதில் மனவுறுதி முதன்மை பெறும். ‘இழ’ என்பதில் இசைவே இல்லை.

தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் நெய்யாற்றின்கரை வட்டத்துச் செங்கல், பாறசாலைப் பகுதிகள் இதற்கு நல்ல சான்று. கூட்டுரிமையாளர் ஒருவர் தம் பங்குரிமையைப் பிற பங்காளிகளுக்காக நீக்கிக்கொள்ளும் ஆவணம் தமிழகத்தில் ‘விடுதலைப் பத்திரம்’; கேரளத்தில் ‘ஒழிமுறி’. சொல்லமைப்பை நோக்கின், முன்னது சொத்து ஒருவரது உரிமையினின்றும் விடுபடுவதைக் காட்டுகிறது. பின்னது உரிமையாளர் விலகுவதைக் காட்டுகிறது. இக்காலத் தமிழில் ‘ஒழி’ அழிவையும் வசையையும் உணர்த்துதலின், அதனை அவ்வாறே எடுத்தாளுதல் தமிழ் வாசகரை மயக்கும். ‘கைவிடல்’ எனப் பெயர்த்தாலோ, உடன்பிறந்தார்க்காகப் பங்கு நீங்கிய பெண் அதனை எவர்க்குமின்றி விட்டவராகிவிடுவார்.

எல்லை வரலாற்றிலும் வினைத்தேர்வு தீர்ப்பாகிறது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ‘சீட்’ என்பதற்கு முன்னுடைமை வேண்டும். நெய்யாற்றின்கரை அன்று சென்னையின் ஆளுகையில் இல்லை. ஆகவே சென்னை அதனை ‘விட்டுக்கொடுத்தது’ என்பது வினைப்பொருளால் பிழை. கோரிக்கை நிறைவேறவில்லை என்பதே நடுநிலைத் தொடர்; ‘கைவிடப்பட்டது’ எனின் பழி சாரும்.

எனவே, விடுவோர் யார், பெறுவோர் உளரா, உடைமையா கோரிக்கையா, இசைவு உண்டா என்னும் நான்கையும் வினவிய பின்னரே மொழிபெயர்ப்பாளர் வினையைத் தெரிதல் வேண்டும்.