எண்களின் காட்டில்

கதை எழுதுகிறவனுக்குப் பழைய சந்தேகம் ஒன்று உண்டு. வாசகனைப் பாத்திரத்தின் உள்ளே கொண்டுபோய் நிறுத்துவதா, சற்று விலகி நின்று பார்க்கச் செய்வதா? உள்ளே போனால் நெருக்கம் கிடைக்கிறது. ஆனால் நிதானம் போய்விடுகிறது. இந்தச் சங்கடம் நாவலோடு சரி என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற கோடையில், செஞ்சிக்குப் பக்கத்தில் அனந்தபுரத்தில், என் தங்கை வீட்டுத் திண்ணையில் அது வேறு வேஷத்தில் வந்து நின்றது.

தங்கை மகன் சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கிறான். கண்ணை மறைக்கிற பெட்டி ஒன்றை என் தலையில் மாட்டிவிட்டான். சுற்றுவட்டாரக் கிணறுகளில் நின்ற தண்ணீரின் உயரத்தை வருஷவாரியாகச் சேர்த்து, ஒவ்வோர் அளவையும் ஒரு நீலத் தூணாக்கியிருந்தான். இந்த வருஷத்துத் தூண் முன்னால். பழைய வருஷங்கள் வரிசையாகப் பின்னால். திண்ணை மறைந்துபோய், நான் நீலக் காட்டின் நடுவே நின்றேன்.

"திரும்பிப் பாருங்க மாமா" என்றான். திரும்பினால் அங்கும் தூண்கள். பிரமித்துப் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இது வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. 1992-ல் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தார், சுவர்களிலும் தரையிலும் படம் விழும்படி ஓர் அறையைச் செய்து, 'கேவ்' என்று பெயரிட்டார்கள். குகை என்று அர்த்தம். உள்ளே நிற்பவரின் தலை அசைவுக்கேற்பக் காட்சியும் மாறும். 2006-ல் ஸாரா கென்டர்டைனும் ஜெஃப்ரி ஷாவும் ஹம்பியின் இடிபாடுகளை இப்படியொரு வட்டத் திரைக்குள் கொண்டுவந்தார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்தத் துறைக்கென்று ஓர் ஆய்வு மையம் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரும் பெட்டியை மாட்டிக்கொண்டார். போர் போடுவதற்காக மனைவியின் நகைகளை அடகு வைப்பதா, வேண்டாமா என்று மாதக் கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தவர் அவர். தம் கிணற்றைத் தேடிப் பிடித்து நின்றதும், "தண்ணி ஏறிக்கிட்டே வருதே தம்பி!" என்று முகம் மலர்ந்தார்.

எனக்குச் சந்தேகம் தட்டிற்று. "இதையே காகிதத்தில் கோடாகப் போட்டுக் காட்டு" என்றேன். பையன் போட்டான். கோடு வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டிருந்தது! கிட்டே நின்ற தூண் பெரிதாகவும், எட்ட நின்றவை சிறிதாகவும் தெரிந்ததுதான் காரணம். போதாததற்கு, முன்னால் நின்றது பின்னால் நின்றவற்றில் பாதியை மறைத்துவிட்டது.

எண் பொய் சொல்லவில்லை. பார்க்க வைத்த இடம் பொய் சொல்லிற்று. வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இருவர் 1984-லேயே இதைப் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். ஒரே அளவுகோலின் மேல் வைத்த புள்ளிகளை ஒப்பிடும்போது மனிதக் கண் அதிகம் தவறுவதில்லை; பரப்பையும் கன அளவையும் ஒப்பிடும்போது தவறு கூடிவிடுகிறது. 1854-ல் லண்டனில் காலராவுக்குக் காரணமான குழாயைச் சுட்டிக்காட்ட ஜான் ஸ்னோவுக்கு உதவியதும் ஒரு தட்டையான வரைபடந்தான்.

அப்படியானால் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. பையன் அடுத்தபடியாகப் பூமிக்கு அடியிலுள்ள பாறையைக் காட்டினான். செஞ்சிப் பக்கம் கெட்டிப் பாறைப் பிரதேசம். மேலே சிதைந்த பாறையிலும், அதன் கீழே வெடிப்புகளிலுந்தான் தண்ணீர் தங்கும். வெடிப்பு எந்தப் பக்கம் சரிகிறது, எந்தக் கிணற்றை அது தொடாமல் போகிறது என்பது உள்ளே நின்று பார்த்தபோது ஒரு நிமிஷத்தில் விளங்கிற்று. எந்தக் காகிதமும் எனக்கு இதை அவ்வளவு எளிதில் விளக்கியிருக்காது.

2025-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டையிலும் இதே கதைதான். ராஜகிரியின் மேல் ஏறி நின்று, மூன்று குன்றுகளையும் மதில் எப்படிக் கோத்திருக்கிறது என்று பார்த்தால், மொகலாயர் முற்றுகை 1690 முதல் 1698 வரை ஏன் இழுத்தது என்பது புரிகிறது. ஆனால் உள்ளே எத்தனை நாளைக்குத் தானியம் இருந்தது என்பதை அங்கே நின்று அறிய முடியாது. அதற்குக் கணக்கு நோட்டு வேண்டும்.

'எங்கே' என்ற கேள்விக்கு உள்ளே போகலாம். 'எவ்வளவு' என்ற கேள்விக்கு வெளியே வந்துவிடுவதே நல்லது. இதுதான் என் அபிப்பிராயம். பெரியவர் நகைகளை இன்னும் அடகு வைக்கவில்லை. அடுத்த முறை வரும்போது பெட்டியோடு கிராப் தாளும் கொண்டுவரும்படி பையனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.