மஞ்ஞாப் பாடலும் பல்கலைக்கழக மேடையும்

மடுத் திருப்பதியின் ஆவணித் திருவிழாவில் தமிழும் சிங்களமும் ஒருங்கே ஒலிப்பதை யாவரும் அறிவர். மாந்தையிலிருந்த அன்னையின் திருவுருவம் ஒல்லாந்தர்க்கு அஞ்சி 1670ஆம் ஆண்டளவில் காட்டிடை அடைக்கலம் புகுந்தது என்பது அத்தலத்து வரலாறு. இக்கரையில் மூன்றாவதொரு மொழியும் வழங்கியதைப் பலர் மறந்துவிட்டனர். 1560இல் மன்னாரிற் கோட்டை அமைத்த போர்த்துக்கீசரின் மொழி, நாட்டு மொழிகளோடு கலந்து பிறந்த கலப்புப் போர்த்துக்கீசமே அது. மடுவிலிருந்து மேற்கே சென்று பள்ளிமுனைப் பெருக்க மரத்தைக் கண்டு, பின் கரையோரமாகத் தெற்கே புத்தளத்தை அடைபவர், சிரம்பியடி என்னும் சிற்றூரில் அம்மொழியின் எஞ்சிய சொற்கள் பாடலாக ஒலிப்பதைக் கேட்கலாம். பெருக்கம் ஆபிரிக்க நிலத்து மரம்; பாடுவோரும் ஆபிரிக்க வழிவந்தோர். மரத்திற்குக் காவல் உண்டு. பாடலுக்கு இல்லை.

இம்மக்களின் வரவு ஒருகாலத்து வரவன்று. 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, கொழும்பிலிருந்த தலைவன் ஒருவனிடம் அபிசீனியர் ஐந்நூற்றுவர் இருந்தமையைக் குறிக்கிறார். போர்த்துக்கீசர் படைவீரராகவும், ஒல்லாந்தர் அடிமைகளாகவும் ஆபிரிக்கரைக் கொணர்ந்தனர். ஆங்கிலேயர் தம் இலங்கைப் படையணிகளில் அவர்களைச் சேர்த்தனர். அவ்வீரருள் புத்தளத்தில் தங்கியோரின் வழியினரே சிரம்பியடியார். கொழும்பில் ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்துவைத்த இடத்தை ஆங்கிலேயர் அடிமைத் தீவு என்றனர். தமிழரோ கொம்பனித்தெரு என்றனர். தமிழ்ப் பெயர் அடிமையை மறந்து கொம்பனியை நினைவிற் கொண்டது. காப்பிரி, காப்பிலி என்னும் சொற்களையும் நாம் இழிவுக் குறிப்புடனேயே வழங்கி வந்துள்ளோம். தென்னாபிரிக்காவில் அச்சொல்லின் மூலவடிவம் கொடிய வசை. இலங்கையிலோ அச்சமூகத்தார் அதனைத் தம் பெயராகவே ஏற்றுக்கொண்டுள்ளனர். அவர் வாயில் அது பெயர். பிறர் வாயில் அது யாது என்பதைப் பிறரே ஆராய்தல் வேண்டும்.

மஞ்ஞா சிற்றடிகளால் ஆயது. ஓரடி பலமுறை மீள வரும். தாளம் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக விரையும். விரைவு மிக, அமர்ந்திருப்போர் எழுந்து ஆடுவர். றபானும் சிரட்டையும் கரண்டியும் போத்தலுமே இசைக்கருவிகள். இன்று பாடுவோரிற் பலர்க்குச் சொற்களின் முழுப்பொருள் தெரியாது. அவர்தம் வீட்டுமொழி சிங்களமாகிவிட்டது. இது கொண்டு மஞ்ஞாவை இறந்த இலக்கியம் என்று ஒதுக்குவோர் உளர். அக்கருத்து ஏற்புடைத்தன்று. மன்னார்க் கூத்தில் அண்ணாவியார் சொல்லும் தாளக்கட்டுக்கு அகராதியில் யாது பொருள்? எனினும் அஃதின்றிக் கூத்தில்லை. மஞ்ஞாவின் பொருள் அடியில் மட்டும் இல்லை. அடி மீளும் தோறும் கூட்டம் ஒன்றாவதிலும் உள்ளது. ஆயினும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். சொற்பொருள் அறியாதார் பழைய அடிகளைக் காக்கலாம். புதிய அடி புனைதல் அரிது. இழப்பு அங்கேதான் நேர்ந்தது.

இவ்விழப்பிற் பல்கலைக்கழகங்களுக்குப் பங்கில்லையா? 1935இல் பாரிசில் கறுப்பின மாணவர் சிலர் 'கறுப்பு மாணவன்' என்னும் பொருள்படும் பெயருடன் இதழொன்று நடத்தினர். செசேரும் செங்கோரும் அக்கூட்டத்தினர். பிறர் இழிவாகக் கூறிய நிறத்தையே பெருமையாக்கிய இயக்கம் அச்சிறு மாணவர் கூட்டத்திற் கருக்கொண்டது. பின்னாளிற் செனகல் நாட்டுத் தலைவரான செங்கோர், கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் ஒருங்குவைத்து நோக்கினார். அவர் கருத்துரை 1974இல் தமிழாராய்ச்சி இதழில் வெளிவந்தது. தமிழறிஞர் க. ப. அறவாணன் தாக்கார் சென்று தங்கி ஆபிரிக்க மொழிகளையும் தமிழையும் ஒப்புநோக்கினார். அம்முயற்சி பாராட்டத்தக்கதே. ஆனால் வேர்ச்சொல் உறவு தேடிக் கடல் கடந்த தமிழ்ப்புலமை, புத்தளத்து ஆபிரிக்கரின் வாசலில் நின்று கேட்கவில்லை. தொலைவிலுள்ள ஆபிரிக்கா பெருமை தந்தது; அயலிலுள்ள ஆபிரிக்கா படையாள் வழியினராகவே தோன்றியது. இலங்கை ஆபிரிக்கர் பற்றிய ஆய்வை உலகறியச் செய்தவருள் முதன்மையானவர் இலண்டனிலிருந்து எழுதிய சிகான் டி சில்வா ஜயசூரிய என்பதும் எண்ணத்தக்கது.

வழியறியாது நின்றோம் என்று கூறுதற்கும் இடமில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தைப் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். பின்னர் 'இராவணேசன்' வந்தது. நாட்டார் கலை என்று புறந்தள்ளப்பட்டது கற்றோர் அவையில் மதிப்புப் பெற்றது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு: விடியுமளவும் நிகழ்ந்த கூத்துச் சுருங்கியது, வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. கூத்து அதனைத் தாங்கிற்று. மஞ்ஞா தாங்குமா என்பது ஐயமே. கூத்திற்கு ஆடுவோரும் காண்போரும் வேறு. மஞ்ஞாவிற் பாடாது காண்போர் என ஒருவர் இல்லை. அதனை மேடையிலேற்றி எதிரே அவையை அமர்த்தினால், ஆபிரிக்க முகங்களைக் காட்சிப்பொருளாக்கும் பழம்பிழையே மீள நேரும்.

மடுவுக்கு அணித்தே வவுனியாவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது. அங்கு ஒருநாள் மஞ்ஞா பாடப்பெறுமாயின் நாற்காலி வரிசை வேண்டா. பாய் விரித்து வட்டமாக அமர்தல் போதும். சிரம்பியடிப் பிள்ளைகளிற் சிலர் அங்கு மாணவராகவே இருத்தல் அதனினும் நன்று. முதற்றாளத்தை அவ்வூர் மூதாட்டி ஒருவர் தட்டட்டும். விரிவுரையாளரும் ஒரு சிரட்டையை எடுத்துக்கொள்ளலாம்.