கடைவாய்ப்பல் காப்புப் பூச்சு: வலிமையும் வரம்பும்

ஆறு வயதை ஒட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் மெல்லும் பரப்பிலுள்ள பிளவுகள் பல இடங்களில் பல்துலக்கியின் ஓர் இழையைவிடவும் குறுகலானவை என்பதால், எவ்வளவு அக்கறையோடு துலக்கினாலும் அவற்றின் அடியில் தங்கும் மாவும் சர்க்கரையும் வெளியேறுவதில்லை. அவற்றை நுண்ணுயிரிகள் அமிலமாக்க, எனாமல் எனப்படும் பல்லின் கடினமான மேலுறை அங்கிருந்தே கரையத் தொடங்குகிறது. சிறுவர்களின் நிரந்தரப் பற்களில் வரும் சொத்தையில் பெரும்பகுதி இப்பிளவுகளில்தான் தோன்றுகிறது. அவற்றை ரெசின் என்னும் செயற்கைப் பிசினால் மூடும் முறையே சீலன்ட்.

அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ஆய்வு செய்த மைக்கேல் புவனோகோர், பாஸ்பாரிக் அமிலம் பட்ட எனாமலில் பிசின் உறுதியாகப் பற்றிக்கொள்வதை 1955-இல் காட்டியதே இதற்கு அடித்தளம். இன்று ஏறத்தாழ 37 சதவீத அமிலக் கூழைச் சில நொடிகள் தடவிக் கழுவி, பரப்பு சுண்ணாம்புபோல் வெளிறும்வரை உலர்த்தி, பிசினை இட்டு, நீல ஒளியால் இறுக வைக்கின்றனர். துளையிடுதல் இல்லை, மரத்துப்போகச் செய்யும் ஊசி இல்லை. ஆனால் வெளிறிய அந்தப் பரப்பில் உமிழ்நீர் பட்டுவிட்டால் நுண்துளைகள் அடைபட்டு, பூச்சு விரைவில் பெயர்ந்துவிடுகிறது. பாதி முளைத்து, ஈறு இன்னும் மூடியிருக்கும் பல்லை ஆறு வயதுக் குழந்தையின் வாயில் உலர்வாக வைத்திருப்பது எளிதன்று. ரெசினுக்கு மாற்றான, ஈரத்தைத் தாங்கும் கண்ணாடி அயனோமர் என்னும் பொருளாலான பூச்சு ஃபுளோரைடையும் கசியவிடுகிறது எனினும், ரெசினைப்போல் நெடுநாள் நிலைப்பதில்லை.

பயன் உறுதியானது. மூடப்படாத பற்பரப்புகளில் 100-க்கு 40 சொத்தையாகக்கூடிய சூழலில், ரெசின் பூசியவற்றில் ஈராண்டுக்குள் ஏறத்தாழ 6 மட்டுமே சொத்தையாகும் என மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு மதிப்பிட்டது. ஆயினும் அந்த ஒப்பீடு எதுவும் செய்யப்படாத பல்லோடுதான். அதே ஆண்டு முடிவுகள் வெளியான தெற்கு வேல்ஸ் ஆய்வு இன்னும் கடுமையான கேள்வியை எழுப்பியது: நடமாடும் பல் மருத்துவ ஊர்திகள் பள்ளிகளுக்குச் சென்று 6–7 வயதுச் சிறுவர்களில் ஒரு பகுதியினருக்குச் சீலன்டும், மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை பல்லின்மேல் தடவப்படும் ஃபுளோரைடு வார்னிஷும் இட்டதில், 36 மாதங்களுக்குப் பின் சொத்தை கண்டவர்கள் முறையே 19.6, 17.5 சதவீதம். புள்ளியியல் நோக்கில் இது வேறுபாடே அன்று. வார்னிஷுக்கோ செலவு குறைவு.

இதைக் கொண்டு சீலன்டைக் கைவிடலாம் என முடிவுகட்டுவது அவசரமாகும். அந்த ஆய்வில் இரு பிரிவினரும் ஆறு மாதத்துக்கொரு முறை தவறாமல் பார்க்கப்பட்டனர். பெயர்ந்த பூச்சும் மீண்டும் இடப்பட்டது. அத்தகைய ஒழுங்கு நிலவும் இடத்தில் வார்னிஷ் சிக்கனமானது, தடுப்பும் குறைவில்லை. மறுவருகை நிச்சயமில்லாத குழந்தைக்கோ நிலைமை வேறு: வார்னிஷின் பயன் அடுத்த முறை தடவப்படாவிட்டால் மங்குகிறது, நன்கு ஒட்டிய சீலன்ட் ஆண்டுக்கணக்கில் தானே காவல் நிற்கிறது. பூச்சு பெயர்ந்தாலும் அப்பல் பூசப்படாத பல்லைவிட மோசமாவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. பற்களுக்கு இடைப்பட்ட பக்கங்களை இது காப்பதில்லை என்ற குறை மட்டும் மாறாதது; அங்கு ஃபுளோரைடுப் பற்பசையும் சர்க்கரைக் கட்டுப்பாடுமே துணை.

ஆகவே இம்முறையின் பெருங்குறை பிசினில் இல்லை, பங்கீட்டில் உள்ளது. அமெரிக்காவில் 6 முதல் 11 வயது வரையிலான சிறுவர்களில் சுமார் 43 சதவீதத்தினருக்கே சீலன்ட் இருந்ததாகவும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கும் வாய்ப்பு மேலும் குறைவு என்றும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2016-இல் தெரிவித்தது. மருத்துவரைத் தேடி மீண்டும் வர இயலாத அப்பிள்ளைகளுக்கே ஒருமுறை இட்டு நெடுநாள் நிற்கும் பூச்சு மிகவும் தேவைப்படுவதால், மருத்துவமனை வாசலில் காத்திராமல் பள்ளிக்கே சென்று பூசும் திட்டங்களுக்குத்தான் பொதுப்பணம் முதலில் போக வேண்டும்.