யஃகூப் நபியின் கண்ணீர்

யூசுப் நபி (அலை) அவர்களின் பெயரைக் கேட்டதும் நம் இல்லங்களில் உடன் நினைவுக்கு வரும் பெயர் ஜுலைகா என்பதே. பாரசீகப் பெருங்கவிஞர் ஜாமி 1483இல் பாடிய காவியம் இவ்விரு பெயர்களையும் பிரிக்க முடியாதபடி பிணைத்துவிட்டது. தமிழிலும் கவிஞர் சாரணபாஸ்கரன் அவர்களின் ‘யூசுப் ஜுலைகா’ காப்பியம் அப்பெயர்களையே தாங்கி நிற்கிறது. இவற்றைச் சுவைத்து மகிழ்ந்தவர்களுள் நாமும் அடக்கம். ஆயினும் காவியத்தை மூடி வைத்துவிட்டுத் திருமறையின் 12ஆவது அத்தியாயத்தைத் திறக்கிறவர் வியப்படையவே செய்வார். அங்கே ஜுலைகா என்னும் பெயரே இல்லை. அஸீஸின் மனைவி என்றும், யூசுப் நபி எவளுடைய இல்லத்தில் இருந்தார்களோ அவள் என்றும் மட்டுமே அப்பெண் சுட்டப்படுகிறாள். அவள் முன்னரே கனவில் கண்டு காதல் கொண்டதும், முதுமையுற்று மீண்டும் இளமை பெற்றதும் காவிய மரபு வளர்த்தவை. இருவருக்கும் மணம் நிகழ்ந்ததாகச் சில விரிவுரைகளில் செய்தி உண்டு; திருவசனங்களில் அது இல்லை.

இந்த அத்தியாயத்தின் வசனங்கள் 111. அப்பெண்ணின் நிகழ்ச்சி 23ஆம் வசனத்தில் தொடங்கி, 35இல் சிறைக்கதவு மூடப்படும்போது முடிந்துவிடுகிறது. பின்னர் 51இல், உண்மையை ஒப்புக்கொள்வதற்காக ஒருமுறை பேசுகிறாள். அவ்வளவே. ஆனால் நகரத்துப் பெண்கள் கையறுத்துக் கொண்ட ஒரு காட்சியையே விடிய விடியச் சொல்லி, பொழுதாகிவிட்டது என்று துஆ ஓதி முடிக்கும் உரைகளை நாம் கேட்டிருக்கிறோம். கிணற்றோரத்தில் விட்ட தந்தையை அந்த உரைகள் கடைசிவரை திரும்பிப் பார்ப்பதேயில்லை.

அத்தியாயமோ அவரிடம்தான் தொடங்குகிறது. பதினொரு விண்மீன்களும் கதிரும் மதியும் தமக்குப் பணிந்ததாகக் கண்ட கனவை மகன் சொல்வது தந்தையிடம். அக்கனவு 100ஆம் வசனத்தில் பலிக்கும்போது அரியணையில் அமர்த்தப்படுபவர்கள் பெற்றோர். இடையில் கதை மிஸ்ருக்குப் போகிறது, அரண்மனைக்கும் சிறைக்கும் போகிறது; எனினும் அதன் ஒரு கண் எப்போதும் பிரிந்து வந்த அந்த வீட்டின்மீதே இருக்கிறது. யூசுப் அத்தியாயத்தை ஒரு காதற்கதையாகப் படிப்பது அதைச் சுருக்கிப் படிப்பது என்பது நம் துணிபு. அது முதன்மையாக ஒரு தகப்பனாரின் துயரக் கதை. சபுர் என்றால் என்ன என்று அத்துயரத்தின் வழியாகவே அது சொல்கிறது.

தொடக்கத்திலேயே ஒரு நுட்பத்தைக் காண்கிறோம். தம்பியை அழைத்துப் போகிறோம் என்று பிள்ளைகள் கேட்கும்போது, நீங்கள் கவனியாதிருக்கையில் ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுவதாக யஃகூப் நபி (அலை) அவர்கள் கூறுகிறார்கள். மாலையில் அழுதுகொண்டு திரும்பும் பிள்ளைகள் சொல்வதும் அதே ஓநாயைத்தான். தந்தையின் அச்சத்திலிருந்தே பொய்யை எடுத்துக்கொண்டார்கள்! பிள்ளைகளிடம் மனத்தைத் திறந்து பேசும் பெற்றோருக்கு இவ்விடம் சுருக்கென்று தைக்கும்.

அவர்கள் கொண்டுவந்த சட்டையில் பொய்யான குருதி இருந்தது. கிழிசல் இல்லாததைக் கண்டே தந்தை வஞ்சகத்தை உணர்ந்ததாக விரிவுரையாளர்கள் எழுதுவார்கள். பின்னர் அஸீஸின் வீட்டு வாசலில் மற்றொரு சட்டை வருகிறது. அதில் கிழிசல் உண்டு, அது பின்புறம் இருந்ததால் யூசுப் நபி குற்றமற்றவர் என்று தெளிவாகிறது. முதற் சட்டை பொய் சொன்னது, இரண்டாவது மெய் சொன்னது. மூன்றாவது சட்டை ஒன்றும் உண்டு. அதற்குப் பின்னால் வருவோம்.

மகனை இழந்த அன்று யஃகூப் நபி சொன்ன சொல் ‘அழகிய பொறுமை’ என்பது. பல ஆண்டுகள் கழிகின்றன. பஞ்சத்தில் தானியம் பெற மிஸ்ருக்குப் போன பிள்ளைகள் இளைய தம்பியையும் விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள், மூத்தவரும் திரும்பவில்லை. அப்போதும் அவர்கள் வாயில் வருவது அதே அழகிய பொறுமைதான். இது 83ஆம் வசனம். அடுத்த வசனத்திலேயே அவர்கள் பிள்ளைகளை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, யூசுபை நினைத்து ஏங்குகிறார்கள். துயரத்தால் கண்கள் வெளுத்துப் போகின்றன.

இவ்விரு வசனங்களும் அடுத்தடுத்து இருப்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. பொறுமை என்று சொன்ன வாய் மூடுவதற்குள் கண் அழுகிறது. அதுவும், இப்போது பிரிந்தவர்களுக்காக மட்டும் அன்று. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் போன மகனுக்காக. புதிய புண் பழைய புண்ணைத் திறந்துவிடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாய்க்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மௌத்து நிகழ்ந்த வீடுகளில் நாம் என்ன காண்கிறோம்? அழுபவரின் தோளைத் தொட்டு, “சபுராயிருங்கள், அழக்கூடாது, அழுதால் ஈமானுக்குக் குறை” என்று சொல்ல ஒருவர் தவறாமல் இருப்பார். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் நல்லெண்ணம் மார்க்கச் சட்டம் ஆகிவிடாது. மாரிலடித்துக்கொள்வதும், ஆடையைக் கிழித்துக்கொள்வதும், ஒப்பாரி வைப்பதும் விலக்கப்பட்டவை. கண்ணீர் விலக்கப்பட்டதன்று. அருமை மகன் இப்ராஹீம் உயிர் பிரியும் வேளையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வியந்து கேட்க, அது இரக்கம் என்று விடை வந்ததை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கிறது. அழுகையை அடக்கியவரே சபுர் செய்தவர் என்றால், யஃகூப் நபியை எந்த வரிசையில் வைப்பது?

அவர்களுடைய பிள்ளைகளும் இந்த உபதேசத்தைச் செய்தவர்கள்தாம். உருகி அழியும்வரை யூசுபை நினைப்பதை விடமாட்டீர்களா என்று கடிந்துகொள்கிறார்கள். துயரத்தைத் தந்தவர்களே துயரப்பட்டவரைக் கண்டிக்கிறார்கள்! அதற்கு யஃகூப் நபி தரும் விடையில்தான் சபுரின் இலக்கணம் இருக்கிறது. தம் வேதனையையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் சொல்கிறார்கள். முறையீடே இல்லாதிருப்பது சபுர் அன்று; முறையீட்டை உரிய இடத்தில் வைப்பதே சபுர். மேலும், அழுது அமர்ந்துவிடவும் இல்லை. போய் யூசுபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள், இறையருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அதே மூச்சில் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். பார்வை போன நிலையிலும் தேடச் சொல்லும் மனிதரை நம்பிக்கை குன்றியவர் என்று யாரால் கூற முடியும்?

இந்த அத்தியாயம் மக்காவில் அருளப்பட்டது. கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த துயர ஆண்டை ஒட்டி இறங்கியதாகப் பலர் கருதுவர். சொந்தக் குலத்தாரே பகைவராகி நின்ற வேளையில், சகோதரர்களால் தள்ளப்பட்ட ஒருவரின் வரலாறு ஒரே தொடராக ஓதப்பட்டது. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது, தம்முன் நின்ற குறைஷியரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் யூசுப் நபி சகோதரர்களுக்குச் சொன்ன மன்னிப்புரையையே எடுத்துரைத்ததாக வரலாற்று நூல்களில் காண்கிறோம்.

அம்மன்னிப்பிலும் எத்துணை நாகரிகம்! இறைவன் தமக்குச் செய்த அருளை எண்ணும்போது, சிறையிலிருந்து வெளியேற்றியதைச் சொல்கிறார்கள். கிணற்றிலிருந்து எடுத்ததைச் சொல்லவில்லை. எதிரே சகோதரர்கள் நிற்கிறார்கள் அல்லவா? நடந்ததையும், ஷைத்தான் எங்களுக்கிடையே பிளவு மூட்டினான் என்று கூறி முடித்துவிடுகிறார்கள். சொத்துப் பிரிவினையில் நாற்பது ஆண்டுப் பழங்கணக்கை எடுத்து விரிக்கும் நம் குடும்பங்களில் இவ்வசனம் உரக்க ஓதப்பட வேண்டும்.

இப்போது மூன்றாவது சட்டை. அதைத் தந்தையின் முகத்தில் போடச் சொல்லி யூசுப் நபி அனுப்புகிறார்கள். கூட்டம் மிஸ்ரை விட்டுப் புறப்பட்டதுமே, தொலைவில் இருந்த தந்தை மகனின் மணத்தை உணர்கிறார்கள். அருகிருந்தவர்களோ, இது உங்கள் பழைய தடுமாற்றம் என்கிறார்கள். கடைசி நாழிகை வரை அந்த வீட்டில் அவர்களைப் புரிந்துகொண்டவர் ஒருவருமில்லை. நற்செய்தி கொணர்ந்தவர் சட்டையை முகத்தில் போட, பார்வை திரும்புகிறது. பொய்க் குருதியோடு ஒரு சட்டை வந்த வீட்டுக்கே இந்தச் சட்டையும் வருகிறது.

பிள்ளைகள் தலைகுனிந்து, எங்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுங்கள் என்று வேண்டுகிறார்கள். யூசுப் நபி, இன்று உங்கள்மீது பழியில்லை என்று உடனே மன்னித்துவிட்டார்கள். தந்தையோ, உங்களுக்காக என் இறைவனிடம் பின்னர் மன்னிப்புத் தேடுவேன் என்கிறார்கள். துஆ ஏற்கப்படும் பின்னிரவு வேளைக்காகக் காத்திருந்தார்கள் என்பது விரிவுரையாளர் பலரின் விளக்கம். அது சரியாகவே இருக்கலாம். கிணற்றில் கிடந்தவருக்கு எளிதாயிருந்தது, வாசலில் காத்திருந்தவருக்குச் சற்று நேரம் எடுத்ததோ என்றும் நமக்குத் தோன்றுகிறது. அந்தத் துஆ எந்த இரவில் கேட்கப்பட்டது என்று அத்தியாயம் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் எல்லோரும் மிஸ்ரை அடைந்துவிடுகிறார்கள். மகன் பெற்றோரைத் தம்மோடு அணைத்துக்கொள்கிறார்.