பரியாரியார் துண்டும் சித்த மருத்துவர் சீட்டும்

காய்ச்சல் கண்டால் இலங்கையில் அடுப்பில் ஏறுவது பஸ்பங்குவ. தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீர். முன்னதில் சரக்கு ஐந்து: கொத்தமல்லி, சுக்கு, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள். பின்னதில் ஒன்பது: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். இரண்டு பட்டியலுக்கும் பொதுவானவை சுக்கும் பற்படாகமும். சுக்கில் சிக்கல் இல்லை. யாழ்ப்பாணத்தில் வேர்க்கொம்பு என்று கேட்டாலும் கைக்கு வருவது அதேதான். பற்படாகம் அப்படியல்ல. தமிழ்நாட்டுச் சித்த மருத்துவர் அந்தப் பெயரில் எழுதுவது மொல்லுகோ செர்வியானா என்ற செடி. இலங்கைக் கடையில் அதே பெயருக்குக் கட்டித் தருவது ஓல்டன்லாண்டியா கொரிம்போசா. இரண்டும் வெவ்வேறு குடும்பம். வட இந்திய ஆயுர்வேதக்காரர்கள் இந்தப் பெயருக்கு மூன்றாவதாக இன்னொரு செடியை வைத்திருக்கிறார்கள்.

மருந்தின் பெயர் தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். மூலிகை வைத்தியத்தில் சரக்கு பாதி. அதை இனம் கண்டு, அளந்து, இன்னாருக்கு இத்தனை நாள் என்று சொல்லும் ஆள் மறு பாதி. இலங்கையும் இந்தியாவும் வேறுபடுவது இந்த மறு பாதியில்தான்.

வைத்தியத்தின் வேர் ஒன்றே. நாடி, நாக்கு, விழி, நிறம், தொடு உணர்வு, பேச்சு, மலம், சிறுநீர் என்று எட்டும் பார்க்கும் முறை தமிழ்நாட்டுப் பாளையங்கோட்டைக் கல்லூரியிலும் யாழ்ப்பாணத்துக் கைதடியிலும் பாடம். வாதம், பித்தம், கபம் என்ற கணக்கும் ஒன்று. ஆனால் யாழ்ப்பாணத்துக்குத் தனிச் சொத்தும் உண்டு. அதை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தவையாகச் சொல்லப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்களும், இருபாலைச் செட்டியாரின் வைத்திய விளக்கமும் அங்கே தோன்றியவை. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை தேடித் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் சித்த மருத்துவம் பேசுபவர்கள் அகத்தியர், தேரையர், யூகி என்று வரிசை போடும்போது இந்த நூல்களை நினைப்பதே இல்லை. அது அவர்களுக்குத்தான் நட்டம்.

சட்டம் என்று வந்தால் பாதை பிரிகிறது. இலங்கையின் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி, சிங்களவர்களின் தேசிய சிகிச்சை எல்லாவற்றையும் ஆயுர்வேதம் என்ற ஒரே குடையின்கீழ் சேர்த்தது. பெயர் தமிழருக்கு உறுத்தலாம். ஆனால் அந்தச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது: பட்டம் படித்தவரோடு பரம்பரை வைத்தியரையும் பதிவேட்டில் ஏற்றியது. அவர் எல்லா நோயும் பார்ப்பவராக இருக்க வேண்டும் என்றில்லை. எலும்பு முறிவு, சர்ப்ப விஷம், கட்டி, கண், தீப்புண் என்று எதில் குடும்பத்துக்குக் கைவந்த தொழில் இருக்கிறதோ அதற்கு மட்டும் சிறப்புப் பதிவு பெறலாம். ஆசானிடம் பயின்றதைக் காட்டித் தேர்வில் தேற வேண்டும். கெடும் பிந்தும் என்று சிங்களத்தில் சொல்லும் எலும்பு வைத்தியக் குடும்பங்கள் இன்றும் தொழிலில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் 1970ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டம் பட்டத்தையும் பதிவையும் இணைத்தது. ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்குச் சில சலுகைகள் கிடைத்தன. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் ஆர்.ஐ.எம்.பி. என்று போட்டுக்கொண்ட பழைய தலைமுறை அப்படிப் பதிவானதுதான். அந்தத் தலைமுறை முடிகிறது. கேரளப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அங்கீகரித்த தகுதி இல்லாதவர் வைத்தியம் பார்க்க முடியாது. குமரி மாவட்டத்து வர்ம ஆசான் இப்போது விசித்திரமான இடத்தில் நிற்கிறார். வர்மம் சித்தப் பட்டப்படிப்பில் பாடம். அதைத் தலைமுறைகளாகக் காப்பாற்றியவர் சட்டத்தின் கண்ணில் போலி.

எலும்பு முறிவில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆந்திரத்துப் புத்தூரின் பெயரில் கட்டுப் போடும் கடைகள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கட்டுகிறவர் யாரிடம் படித்தார், எத்தனை வருடம் கட்டினார் என்று கேட்க எந்தப் பதிவேடும் இல்லை. கட்டு இறுகி விரல் கறுத்துப்போனால் ரத்த ஓட்டம் நின்று கையையே எடுக்க வேண்டி வரலாம். வளரும் குழந்தைக்கு மூட்டருகே முறிந்திருந்தால் எலும்பு கோணலாகிவிடலாம். தடை செய்தும் மக்கள் போவதை நிறுத்த முடியாத ஒரு தொழிலை, கணக்கில் கொண்டுவந்து கண்காணிப்பதுதான் புத்திசாலித்தனம். இந்த ஒன்றில் கொழும்பு, டில்லியைவிட யோசித்துச் செய்திருக்கிறது. பதிவு இருந்தால் கைராசி வந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆளைக் கேள்வி கேட்க ஓர் இடமாவது இருக்கும்.

படிப்பு விஷயத்தில் இரு பக்கமும் குறை சொல்ல முடியாது. பாளையங்கோட்டைக் கல்லூரி 1964இல் தொடங்கியது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த நிறுவனம் 2005இல் வந்தது. கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி 1929இலேயே ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றுக்கும் திறந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைதடிச் சித்த மருத்துவப் பிரிவு 1984இல் தொடங்கிப் போர்க்காலத்திலும் தாக்குப்பிடித்தது.

இனி நோயாளி பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போனால் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார வேண்டும். மருத்துவர் நாடியும் பார்ப்பார், ரத்த அழுத்தமும் பார்ப்பார். கையில் கிடைப்பது சூரணப் பொட்டலம், மாத்திரை, ஒரு குப்பித் தைலம். குடிநீர் என்றால் அதுவும் ஒன்றிரண்டாக இடித்த பொடிதான். 240 மில்லி நீரில் ஒரு கரண்டி போட்டு 60 மில்லியாக வற்றவைக்கச் சொல்வார்கள். காசு இல்லை, அலைச்சலும் குறைவு.

இலங்கைக் கிராமத்தில் வைத்தியர், சிங்களத்தில் வெதமாத்தயாவோ தமிழில் பரியாரியாரோ, பெரும்பாலும் துண்டுதான் எழுதித் தருவார். அதைக் கொண்டு சரக்குக் கடைக்குப் போக வேண்டும். கொழும்பு என்றால் புறக்கோட்டை காபோஸ் லேன். வேலியில் கிடைப்பதை நீங்களே பிடுங்கிக்கொள்ளவும் சொல்வார். பிறகு எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றவைக்கும் வேலை. அடுப்படியில் ஒருவர் காத்திருக்க வேண்டும். முறைப்படி பணம் கேட்காத வைத்தியருக்கு வெற்றிலைச் சுருளில் காசை வைத்துக் கொடுக்கும் வழக்கம் சிங்களக் கிராமங்களில் இன்னும் மறையவில்லை. உள்ளூராட்சி சபைகள் நடத்தும் இலவச ஆயுர்வேத மருந்தகங்களும் உண்டு.

எனக்குத் துண்டு முறைதான் பிடிக்கிறது. வேரும் பட்டையும் முழுசாகக் கைக்கு வரும்போது பூஞ்சை பிடித்ததா, பழசா, வேறு செடியா என்று தெரிந்தவர் பார்த்துச் சொல்லலாம். பொடியாக்கிவிட்டால் கலப்படமும் பொடிக்குள் போய்விடும். தமிழ்நாட்டில் இதைவிட மோசமான ஒரு பழக்கம் இருக்கிறது: நாட்டு மருந்துக் கடைக்காரரிடமே நோயைச் சொல்லி மருந்து வாங்குவது. சென்னை ராசப்ப செட்டி தெருவில் சரக்கைப் பற்றி நிறைய அறிந்தவர்கள் இருக்கிறார்கள். நோயைப் பற்றி அறிவது அவர்கள் வேலையல்ல.

ஆனால் தயாரித்து விற்கும் மருந்தில் இந்திய முறை மேல். மருந்துச் சட்டத்தின்படி சித்த மருந்துக் குப்பியில் சரக்குகளின் பெயரும் அளவும், தயாரிப்பாளரின் உரிம எண்ணும், தொகுதி எண்ணும் இருக்க வேண்டும். பாதரசம், பாஷாணம், சேங்கொட்டை, எட்டி போன்றவை சேர்ந்தால் மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கையும் வேண்டும். செந்தூரமும் பற்பமும் தாராளமாகப் புழங்கும் தமிழ்நாட்டுச் சித்தத்துக்கு இது மிக அவசியம். சிங்கள நாட்டு வைத்தியத்தில் கசாயமும் எண்ணெய்யும்தான் முன்னே நிற்கும். இந்தியச் சட்டத்திலும் ஓர் ஓட்டை: தன் நோயாளிக்கென்று வைத்தியர் தானே செய்து தரும் மருந்துக்கு உரிமம் வேண்டியதில்லை. பெயர் எழுதாத பொட்டலம் வரும் வழி அதுதான்.

2020 இரண்டு நாடுகளையும் சோதித்தது. தமிழ்நாடு அரசு கபசுரக் குடிநீரை வீதிவீதியாக ஊற்றியது. கொரோனாவுக்கு மருந்து கண்டேன் என்று முழங்கிய ஒருவரைச் சென்னைப் போலீஸ் பிடித்தது. இலங்கையில் அந்த டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் கலந்த பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். சுகாதார அமைச்சரே அதை எல்லோரும் பார்க்கக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்குத் தொற்று வந்தது. பயம் பிடித்த நேரத்தில் பதிவேடும் உதவவில்லை, பட்டமும் உதவவில்லை. அதே காலத்தில் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியதும் ராமேசுவரம் பக்கமிருந்து மஞ்சள் மூட்டை கடத்தல் சரக்கானது. கொத்தமல்லி முதல் திப்பிலி வரை அந்தத் தீவின் கசாயச் சட்டி இந்தியாவை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது அப்போது பலருக்கு உறைத்தது.

வைத்தியரிடம் போகும்போது ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டையும் எடுத்துப்போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி, சிறுநீரக நோயாளி, இவர்கள் அதை வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டும். அதிமதுரம் இருமலுக்கு இதம்தான். நாள்கணக்கில் தின்றால் ரத்த அழுத்தத்தை ஏற்றி உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆடுதின்னாப்பாளை வகைச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது உறுதியான உண்மை. மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்ற பேச்சை இரு கரையிலும் விட்டுவிட வேண்டும். யாரிடம் படித்தீர்கள், இதில் என்னென்ன சேர்கிறது, எத்தனை நாள், பத்தியம் எது என்று கேளுங்கள். நல்ல பரியாரியார் கோபிக்க மாட்டார். ரகசிய மருந்து என்று மழுப்புகிறவரிடம் மறுமுறை போகாதீர்கள்.

பாம்பு கடித்தால் இந்த விசாரணைக்கெல்லாம் நேரமில்லை. நாகமோ, யாழ்ப்பாணத்தார் புடையன் என்று சொல்லும் கண்ணாடி விரியனோ, நேரே பெரிய ஆஸ்பத்திரிதான். இலங்கை அங்கே ஏற்றும் நச்சு முறிவு மருந்தும் இந்தியாவில் செய்ததுதான். மற்ற நோய்க்கு நாட்டு மருந்து உண்ணும் காலத்தில் கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே நிறுத்துங்கள். மிச்ச மருந்தை எறியாமல், துண்டோ சீட்டோ எது இருக்கிறதோ அதோடு சேர்த்து மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.